சாத்தத்திலிருந்து சென்னைக்கு: செல்பேசித் தரவு செல்லும் வழி

அந்தமான் தலைநகரான ஸ்ரீ விஜய புரத்தின் (2024 வரை போர்ட் பிளேர்) துறைமுகத்தில் அமைந்த சிறு தீவு சாத்தம். பாலம் ஒன்று அதனை நகருடன் இணைக்கிறது. 1883இல் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலையால் பெயர் பெற்ற இத்தீவுக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடல் விரிந்துள்ளது. சாத்தத்தில் ஒரு மாணவர் செல்பேசியில் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும்போது, அப்படிவம் இக்கடலை எவ்வாறு கடந்து வருகிறது?

பழைய தொலைபேசி முறையில், பேசி முடியும் வரை ஒரு தடம் இருவருக்கென்றே ஒதுக்கப்பட்டது. இடையில் இருவரும் மௌனமாக இருந்தாலும் அத்தடம் பிறருக்குக் கிடைக்காது. இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைவரிசை எட்டு நேரக்கூறுகளாகப் பகுக்கப்பட்டு, பொதுவாக ஓர் அழைப்புக்கு ஒரு கூறு வழங்கப்பட்டது. தரவுக்கு இவ்வேற்பாடு பொருந்தாது. படிவத்தைப் படிப்பவர் சில நொடிகள் தரவைப் பெறுகிறார். பல நிமிடங்கள் வெறுமனே படிக்கிறார்.

எனவே பின்னர் வந்த ஜி.பி.ஆர்.எஸ். சேவையில் செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பொட்டலமும் அஞ்சல் உறைபோலச் சேருமிட முகவரியைத் தாங்கிச் செல்கிறது. பொட்டலம் உள்ளவருக்கு மட்டுமே நேரக்கூறு. அனுப்பியதும் அது அடுத்தவருக்கு. நான்காம் தலைமுறையில் இப்பங்கீடு ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை நிகழ்கிறது. குரல்கூடப் பொட்டலமாகவே செல்கிறது.

கோபுரம் பெற்ற பொட்டலங்கள் நிறுவனத்தின் மைய வலையமைப்பிலுள்ள நுழைவாயில் கணினியை அடைகின்றன. செல்பேசிக்கு இணைய முகவரி வழங்குவது இக்கணினியே. சாத்தம் பாலத்தைக் கடப்பவரின் செல்பேசி ஒரு கோபுரத்தை விட்டு மற்றொன்றைப் பற்றினாலும், அம்முகவரி மாறுவதில்லை. பொட்டலங்களை எக்கோபுரத்திற்கு அனுப்புவது என்பது மட்டுமே மாற்றப்படுகிறது.

இதுவரை சென்னைக்கும் சாத்தத்திற்கும் வேற்றுமை இல்லை. வேற்றுமை கோபுரத்திற்கு அப்பால் இருந்தது. 2020 வரை தீவுகள் பெருநிலத்துடன் தொடர்புகொள்ளச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. நிலநடுக்கோட்டிற்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அக்கோளுக்குச் சென்று திரும்பி, மறுமொழியும் அவ்வழியே வர ஏறத்தாழ அரை நொடி ஆகும். கொள்ளளவும் குறைவு, கட்டணமோ அதிகம்.

அரை நொடி பெரிதா எனலாம். பொட்டலங்களை அனுப்பும் கணினி, "வந்தது" என்ற ஒப்புகை கிடைக்காமல் ஓர் அளவுக்கு மேல் அனுப்புவதில்லை. பழைய விதிப்படி அவ்வளவு 64 கிலோபைட். அரை நொடிக்கு ஒருமுறைதான் ஒப்புகை வருமெனில், வழி எவ்வளவு அகலமாயினும் ஓர் இணைப்பின் வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட் அளவிலேயே நின்றுவிடும். பிற்கால விதிகள் இவ்வரம்பைத் தளர்த்தினாலும் காத்திருப்பு நீங்கவில்லை. ஒரு பக்கத்தைத் திறக்கப் பல கேள்வி–மறுமொழிகள் தேவைப்படுவதால், ஒவ்வோர் அரை நொடியும் சேர்ந்து பொறுமையைச் சோதிக்கும். பயனாளர் செல்பேசியையோ கோபுரத்தையோ பழிப்பது இயல்பு. குறை பெரும்பாலும் அங்கில்லை.

2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி இந்நிலையை மாற்றியது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இது, தலைநகரையும் சுவராஜ் தீவு, ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா உள்ளிட்ட வேறு ஏழு இடங்களையும் இணைக்கிறது. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். பணியைச் செயற்படுத்தியது பி.எஸ்.என்.எல். இழையில் ஒளி நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னைக்குப் போய்வர 14 மில்லிநொடி அளவே போதும். இடைக்கருவிகளின் தாமதம் நீங்கலாகப் பார்த்தால், காத்திருப்பு ஏறத்தாழ 35இல் ஒரு பங்காயிற்று.

ஆயினும் கடல் ஒரு பங்காளியாகவே நீடிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று பேரதிர்வையும் ஆழிப்பேரலையையும் கண்ட கடற்பகுதி இது. கடலடியில் கம்பி அறுந்தால், பழுதைக் கண்டறிந்து கப்பல் மூலம் எடுத்துச் சீராக்க நாட்கள் பல ஆகும். அந்நாட்களில் மருத்துவமனைக்கும் கருவூலத்திற்கும் உரிய பொட்டலங்களை முதலில் அனுப்ப மாற்று வழி தேவை; தாமதம் மிக்க செயற்கைக்கோளுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.