வேக வரம்பும் ஐந்தாம் கற்பனையும்



ஐந்தாம் கற்பனை என்றதும் கத்தியும் விஷமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில், "நான் யாரையும் கொல்லவில்லை" என்று அதைக் கடந்துபோகிறோம். வண்டியை என்ன வேகத்தில் ஓட்டினோம் என்று ஆத்தும சோதனையில் கேட்டுக்கொள்கிறோமா?

கேட்கவேண்டும் என்பது திருச்சபையின் போதகம். வாகன வேகத்தை வரையறுக்கும் சட்டங்களை அசட்டை செய்கிறவர்கள் தங்கள் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து வருவிக்கிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் கண்டித்தது. 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூலோ, குடிவெறியாலும் வேகப் பிரியத்தாலும் பிறரை ஆபத்துக்குள்ளாக்குவது கனமான குற்றமென்று ஐந்தாம் கற்பனையின் கீழேயே வைத்திருக்கிறது.

2022-ம் ஆண்டில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 71 பேர் மிதமிஞ்சிய வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்ததாக மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவ்வருஷம் விபத்துகளின் தொகையில் நம் தமிழ்நாடே முதலிடம்.

இனி, வழக்கமாய்ச் சொல்லப்படும் மூன்று ஆட்சேபணைகளைக் கவனிப்போம்.

முதலாவது: "எனக்கு நன்றாய் ஓட்டத் தெரியும்." தெரிந்திருக்கலாம், ஆனால் வண்டியின் பாரமும் வேகமும் சாமர்த்தியத்துக்குக் கட்டுப்படா. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஓட்டுகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக் அழுத்தி நிற்பதற்குள் சுமார் 20 மீட்டர் ஓடிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 36 மீட்டர். 80-ல் 55 மீட்டருக்கும் அதிகம். இது நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் இருந்தால். 10 கிலோமீட்டர் தூரத்தை 60-க்குப் பதில் 80-ல் ஓடினால் மிச்சமாவது இரண்டரை நிமிஷம். ஒரு குழந்தையின் உயிருக்கு இதுவா விலை?

இரண்டாவது: "அபராதம் கட்டிவிட்டேன், கணக்குத் தீர்ந்தது." சர்க்காரோடு தீர்ந்தது; சர்வேசுரனோடு தீரவில்லை. அபராதம் என்பது வேகத்தை விலைக்கு வாங்கும் சீட்டல்ல. பிறர் உயிரைக் காக்கும் சட்டம் மனச்சாட்சியையும் கட்டுப்படுத்தும். ஒருவருக்கும் அடிபடவில்லை என்பதாலும் குற்றம் இல்லாமற் போகாது. வேண்டுமென்று ஆபத்தை வருவித்ததே குற்றம்.

மூன்றாவது: "நல்லவன் தானே மெதுவாய்ப் போவான், கேமராவும் போலீசும் எதற்கு?" பலகையில் எழுதி வைத்து, மீறினவனைக் கேளாமல் விட்டால், அந்தச் சட்டம் அடங்கி நடப்பவனையே தண்டிக்கும். வரம்புக்குள் போகிறவன் பின்னால் ஹாரன் அடித்து விரட்டப்படுகிறான். நேரத்தோடு போகும் பஸ் டிரைவர் முதலாளியிடம் ஏச்சு வாங்குகிறார். எல்லோர்மேலும் ஒரேவிதமாய்ச் சட்டம் செலுத்தப்பட்டால் எல்லோரும் ஒன்றாய் வேகம் குறைப்பார்கள். வேகமாய் ஓட்டும்படி ஊழியனை ஏவுகிற முதலாளியையும் மோட்டார் வாகனச் சட்டம் தண்டிக்கிறது. கண்டிப்பு இங்கே கொடுமையல்ல, பிறர் சிநேகம்.

வேளாங்கண்ணித் திருவிழாக் காலத்தை நினையுங்கள். ஆகஸ்டு 29-ல் கொடியேறுகிறது. செப்டம்பர் 8-ல் தேவமாதாவின் பிறந்த திருநாள். அதற்கு முன்னே ஆயிரக்கணக்கானோர் இருட்டிலும் விடியலிலும் சாலையோரமாய் நடந்து வருகிறார்கள். அதே மாதாவைத் தரிசிக்க வேனில் போகிற நாம், ஜெபமாலை சொல்லிக்கொண்டே அவர்களை உரசிப் பறந்தால், அந்த ஜெபம் எப்படி ஏற்கப்படும்?

ஆகையால் பெற்றோர்களே, மகன் பிடிபட்டால் சிபாரிசுக்கு ஆள் தேடாதேயுங்கள். கைக்கூலி கொடுத்துத் தப்புவிக்காதேயுங்கள். அபராதத்தை அவனே தன் சம்பாத்தியத்தில் கட்டட்டும். வாடகை வண்டி பிடித்தால், "சீக்கிரம் போ" என்று டிரைவரைத் துரிதப்படுத்தாதேயுங்கள். பூசைக்கு நேரமாகிறதென்றால் வீட்டை விட்டு கால் மணி முந்திப் புறப்படுங்கள். சாவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சிலுவை அடையாளம் வரைந்து, வழியில் எதிர்ப்படப்போகும் முகமறியாத அயலானுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அவனுடைய உயிரும் சேசுநாதர் சுவாமி தம் திருஇரத்தத்தால் மீட்ட உயிரே.