கறிக்கோழித் தீவனத்தில் கடலைப் பிண்ணாக்கு

ஆரணி வட்டாரத்தில் தறியோடும் ஊர்களைச் சுற்றி நிலக்கடலை விளைகிறது. அதை ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்குப் போவது வழக்கம். கறிக்கோழிக்கும் அதை இடலாமா என்பது, தீவனத்தைத் தாமே கலந்து கோழி வளர்க்கும் அங்கத்தினர்கள் ஆராயத்தக்க விஷயமாகும். (ஒப்பந்த முறையில் வளர்ப்போர்க்கு நிறுவனமே தீவனம் அளிப்பதால் இவ்வினா எழாது.)

இன்று கோழித் தீவனத்தில் முதலிடம் சோயாப் பிண்ணாக்குக்கே. அது பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் சோயாவிலிருந்து கிடைப்பது. 2021-ஆம் ஆண்டில் அதன் விலை மிக ஏறவே, ஆகஸ்டு மாதத்தில் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு இசைவளிக்க நேர்ந்தது. அத்தகைய காலத்தில் உள்ளூர்ச் சரக்கின்மீது கண் செல்வது இயல்பே.

நல்ல கடலைப் பிண்ணாக்கிலும் சோயாவைப் போலவே நூற்றுக்கு 45 பங்கு அளவில் புரதம் உண்டு. ஆனால் புரதம் ஒரே பொருள் அன்று. பல அமினோ அமிலங்களின் சேர்க்கை. பாவு எவ்வளவு நீளமாயினும் ஊடை தீர்ந்த இடத்தில் நெசவு நின்றுவிடுமல்லவா? அவ்வாறே லைசின் என்னும் அமிலம் குறைந்தால், மற்றவை இருந்தும் கோழிக்குச் சதை பிடிக்காது. 100 கிலோ சோயாப் பிண்ணாக்கில் லைசின் ஏறக்குறைய 2.8 கிலோ, கடலைப் பிண்ணாக்கில் 1.5 கிலோதான். இக்குறையை நிரப்பக் கடையில் விற்கும் லைசின் உப்பு சுமார் 1.7 கிலோ வேண்டும். அதன் விலையையும் கூட்டிப் பார்த்த பின்னரே கடலைப் பிண்ணாக்கு மலிவா அன்றா என்று சொல்ல இயலும். எள்ளுப் பிண்ணாக்கைச் சேர்த்தால் போதும் என்பாரும் உளர். அதில் மிகுதியாயுள்ளது மெத்தியோனின்; லைசின் குறைவே.

இதனினும் பெரிய இடர் பூஞ்சணம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணமெனப் பின்னர்த் தெரிந்தது. அதிலிருந்த பூஞ்சண நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். அது ஈரலைக் கெடுத்து, வளர்ச்சியையும் நோய் எதிர்ப்பையும் குறைக்கும். வேகவைத்தாலும் எளிதில் அழியாது. காய் முற்றும் காலத்து வறட்சியும், பறித்தபின் பிடிக்கும் மழையும் இப்பூஞ்சணத்துக்கு வாய்ப்பாகும். ஆதலின் கடலையை நன்கு உலர்த்தியே ஆட்டவேண்டும். பிண்ணாக்கு மூட்டைகளைத் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கவேண்டும்.

பார்வைக்குத் தூய்மையாயிருப்பதை நம்புதல் கூடாது. நஞ்சு எல்லா மூட்டையிலும் ஒரே அளவாக இராது. பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவன ஆய்வுக்கூடம் போன்றதோர் இடத்தில் சோதிப்பிக்கலாம். சோதனையில் தேறிய சரக்கைக்கூடச் சோயாவுக்கு முழு மாற்றாகக் கொள்ளாமல் ஒரு பகுதிக்கு மட்டும் பயன்படுத்துவதும், இளங்குஞ்சுகளுக்கு இடாதிருப்பதும் நன்று என்பது எமது கருத்து.

கோழிக்கு ஆகாதெனக் கழித்ததைக் கறவை மாட்டுக்கு வைப்பதும் தகாது. அந்நஞ்சு உருமாறிப் பாலில் இறங்கும்.