தமிழ் மட்டும் தெரிந்தால் போதுமா?

கேள்வி: இன்றைய ஐரோப்பிய எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் இலக்கிய விழா எடுக்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்த எங்களுக்கு அங்கே என்ன வேலை? – வாசகர், ஜெயபுரம்

பதில்: முன்வரிசையில் இருக்கிற வேலை! இன்றைய ஐரோப்பிய எழுத்தில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. புலம்பெயர்ந்தவர்கள் 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, பல நாடுகளில் கூடி, 2013இல் யாழ்ப்பாணத்துக்கே வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த செந்தூரன் வரதராஜா 2016இல் வெளியிட்ட முதல் நாவலை ஜெர்மன் மொழியில் எழுதினார். பிரான்சில் வாழும் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவல் தமிழில் பிறந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, மொழிபெயர்ப்பு நம் வீட்டு விஷயமாகி வெகுநாளாயிற்று.

மொழிபெயர்ப்பில் சுவை குறையும் என்பார்கள். குறையலாம், அதற்காக ருஷ்ய மொழி படித்துவிட்டா தல்ஸ்தோயை வாசித்தோம்? இடையில் ஆங்கிலம் புகுந்தால் இழப்பு கூடும் என்பது நியாயமான கவலை. அதற்கும் வழி உண்டு: வெ. ஸ்ரீராம் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை பிரெஞ்சிலிருந்து நேரடியாகவே தந்தார். எனவே விழாவில், “எந்த மொழியிலிருந்து பெயர்த்தீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதை மொழி அறிந்தவர்கள் பார்க்கட்டும். தமிழாக ஓடுகிறதா என்று தீர்ப்புச் சொல்லத் தமிழ் வாசகரே வேண்டும். போகுமுன், பிரெஞ்சிலிருந்து நேரே வந்த ‘குட்டி இளவரசன்’ கதையை வாசித்துவிடுங்கள், சின்னப் புத்தகம்தான். கூச்சத்தை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.