கொக்கும் குழந்தையும்

மும்பை தாராவியில் இட்லி சமைத்து விற்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. விடியுமுன்பே அடுப்பு மூண்டுவிடும். பொழுது புலர்ந்ததும் பாத்திரங்கள் தலையிலேறி வீதிகளுக்குப் புறப்பட்டாக வேண்டும். மே மாதத்திலோ பள்ளி விடுமுறை. ஜூனில் மழை வரும்வரை ஓயாத புழுக்கம். ஒரே அறை; அதிலேயே ஆவி பறக்கும் இட்லிப் பானை, அதிலேயே சிறு குழந்தைகள். ஐந்தாம் முறையாகக் குழந்தை "அம்மா" என்றழைக்கும்போது, திரும்பிப் பார்க்கும் தாயின் கண்ணில் அனல் இருந்தால் வியப்பில்லை.

தம்மீது எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே எரித்த கொங்கணவரின் கதை தமிழர் அறிந்ததே. கணவருக்கு உணவு பரிமாறிவிட்டுத் தாமதமாகப் பிச்சையிட வந்த வாசுகியிடம் அப்பார்வை பலிக்கவில்லை. மகாபாரத வனபர்வத்தில் கௌசிகருக்கும் இவ்வனுபவமே நேர்கிறது. சுவாமி விவேகானந்தர் 1895-96 குளிர்காலத்தில் நியூயார்க்கில் ஆற்றிய கர்மயோகச் சொற்பொழிவுகளில் இத்தகைய கதையைக் கூறி, இல்லறக் கடமையின் உயர்வை விளக்கினார். இதைக் கற்பின் பெருமையாக மட்டும் படிப்பது போதாது. வாசுகியைச் சுடாத பார்வை குழந்தையைச் சுட்டுவிடும். தாயை விட்டால் அதற்கு வேறு புகலிடம் ஏது?

அதற்காக அடுப்பை அணைத்துவிட இயலுமா? இயலாது, வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதில்தான் வேகின்றன. ஆனால் குழந்தைக்கும் வேலையில் சிறு இடம் தரலாம். அடுப்பிலிருந்து எட்டி அமர்ந்து, ஆறிய இட்லிகளை அது எண்ணட்டும். எண்ணிக்கை தவறும், புறப்பாடு தாமதமாகும். பலனில் பற்று வையாதே என்ற உபதேசம் தாய்க்குச் சோதனையாவது அந்த 5 நிமிடங்களில்தான். 27-ஐ விட்டுவிட்டு 28-க்குத் தாவிய குழந்தை, மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது.