பல்லைச் சுத்தம் செய்ய யாருக்கு உரிமை? அதற்கு என்ன படிப்பு?



வாரச் சந்தையில் ஒருவர் விரிப்பு விரித்து உட்கார்ந்திருப்பார். "ஒரே நிமிஷத்திலே பல்லு முத்து மாதிரி ஆயிடும், வாங்க" என்று கூப்பிடுவார். ஏதோ ஒரு திராவகத்தைத் தொட்டுப் பல்லில் தேய்ப்பார். கறை போவது உண்மைதான். ஆனால் அதோடு பல்லின் மேல் உள்ள கெட்டியான எனாமலும் கரைந்து போகும். போன எனாமல் மறுபடி வளராது. பிறகு தண்ணீர் பட்டாலே பல் கூசும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருவர் வாயில் வைத்த கம்பியைக் கொதிக்க வைக்காமலே அடுத்தவர் வாயில் வைப்பார். இரத்தத்தின் வழியே பரவும் மஞ்சள் காமாலை இப்படியும் தொற்றக்கூடும்.

அப்படியானால் பல்லைச் சுத்தம் செய்ய யாரிடம் போவது? பல் டாக்டரிடம் போகலாம். அல்லது அவர் மேற்பார்வையில் வேலை செய்யும் பல் சுகாதாரப் பணியாளரிடம் போகலாம். இவரைத்தான் 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்கிறார்கள்.

இவர் வேலை என்ன?

பல்லில் கட்டிய காரையைக் கருவி கொண்டு எடுப்பது, பல்லைத் துலக்கி மெருகேற்றுவது, வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இவர் பணியை இப்படித்தான் வரையறுத்தது. பல் பிடுங்குவதும், சொத்தையை அடைப்பதும் இவர் வேலை அல்ல. அவை டாக்டரின் வேலை.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

கர்ப்ப காலத்தில் உடலில் சுரக்கும் நீர்களின் மாறுதலால் ஈறு வீங்கும்; துலக்கும்போது இரத்தம் கசியும். "பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம், விட்டுடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படி விட்டுவிடாதீர்கள். இரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் கெடும். கர்ப்ப காலத்தில் காரை எடுப்பதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உட்கார்ந்து செய்துகொள்ள வசதியான காலம். கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணவன்மார்களே, கூடவே போய் வாருங்கள்.

உங்கள் பிள்ளைக்கு இந்தப் படிப்பு

பிளஸ் டூ முடித்த மகளோ மகனோ வீட்டில் இருக்கலாம். "அடுத்து என்ன பண்றது?" என்று நீங்கள் இருவரும் இரவில் பேசிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. இந்திய பல் மருத்துவக் கவுன்சில் வகுத்த விதிப்படி, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியிருக்க வேண்டும். படிப்பு இரண்டு ஆண்டு. வகுப்புப் பாடத்தோடு நோயாளிகளிடம் கைப்பழக்கமும் உண்டு. பெண் பிள்ளைகளும் படிக்கலாம். கல்யாணத்துக்கு அவசரப்படாமல் இரண்டு வருஷம் பொறுத்தால், அவள் சொந்தக் காலில் நிற்பாள்.

படிப்பு மட்டும் போதுமா?

போதாது. தேர்ச்சி பெற்றபின் மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பல் டாக்டர்களுக்கு ஒரு பதிவேடு, பல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தனிப் பதிவேடு என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2023-ல் பாராளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனால் மேலே உள்ள அமைப்பின் பெயர் மாறலாம். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறாது: "பதிவு இருக்கிறதா?"

பணம் கட்டுமுன் கேளுங்கள்

"ஆறே மாசத்தில் சர்டிபிகேட், உடனே வேலை" என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு, அந்தச் சான்றிதழுக்குப் பதிவு கிடையாது என்று தெரிந்தால் யாரிடம் போய் அழுவது? ஆகவே முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இந்தப் படிப்பை நடத்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா? உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.

2. படிப்பு முழுசாக இரண்டு ஆண்டா?

3. முடித்தவர்களை மாநிலக் கவுன்சில் பதிவு செய்கிறதா? இதைக் கல்லூரியில் மட்டும் கேட்காமல், கவுன்சிலுக்கே எழுதிக் கேளுங்கள்.

மூன்றுக்கும் சரியான பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

பல்லில் வலி, ஈறில் இரத்தம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். கிராம சுகாதார செவிலியரையும் கேட்கலாம்.

பதிவு பெற்றவரிடம் பல்லைக் காட்டுவோம். பதிவு கிடைக்கும் படிப்பில் பிள்ளையைச் சேர்ப்போம்.

படித்து முடித்ததும் இதைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.