ரோபோவை ஓட வைப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் புதிய பிரிண்டரை இணைப்பது இதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும். கேபிளைச் செருகி, டிரைவரை இன்ஸ்டால் செய்து, டெஸ்ட் பேஜ் ஒன்று சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது. தொழிற்சாலைக்கு வந்து இறங்கும் ரோபோவும் இப்படித்தானா என்று, அதற்கு சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருக்கும் என்னிடம் பலர் கேட்கிறார்கள். பிளக்கைச் செருகினால் ஓடுமா? ஓடும். எங்கே போய் இடிக்கும் என்பதுதான் கேள்வி.

பெட்டியைப் பிரித்தால் மூன்று பொருட்கள் இருக்கும். முதலாவது, பெரும்பாலும் ஆறு மூட்டுகள் கொண்ட இயந்திரக் கை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டாரும், அது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் என்கோடரும் உண்டு. இரண்டாவது கன்ட்ரோலர். இது முழுக்க ஒரு கம்ப்யூட்டர்தான். மூன்றாவது டீச் பென்டன்ட். ஸ்கிரீனும் சிவப்பு எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனும் உள்ள இந்தப் பலகைதான் ரோபோவுக்கு மானிட்டர், கீபோர்டு எல்லாம்.

டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனம் தயாரித்த யூஆர்5 ரோபோவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2008 டிசம்பரில் அந்நாட்டின் லினாடெக்ஸ் நிறுவனத்துக்கு முதலில் விற்கப்பட்ட இது, 5 கிலோ வரை தூக்கும், 850 மி.மீ. தூரம் எட்டும். வேலி இல்லாமல் மனிதருக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் நோக்கத்தில் வந்த இத்தகைய ரோபோவுக்கு ‘கோபாட்’ என்று பெயர்.

கையின் நுனி காலியாகவே வரும். பொருளைப் பிடிக்கும் கிரிப்பரை நாம்தான் மாட்ட வேண்டும். மாட்டியவுடன் அதன் எடையையும், எடையின் மையம் எங்கே என்பதையும் சாப்ட்வேரில் கொடுக்க வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் இடம் இது. யூஆர்5-க்குத் தொடு உணர்ச்சி உள்ள தோல் கிடையாது. மோட்டார் இழுக்கும் கரண்ட் எதிர்பார்த்த அளவிலிருந்து மாறினால், எதிலோ மோதிவிட்டோம் என்று கணக்கிட்டு நிற்கும். எடை தவறென்றால் இந்தக் கணக்கும் தவறு. எதிலும் மோதாமலேயே அடிக்கடி நிற்கலாம். மோதிய பிறகு தாமதமாகவும் நிற்கலாம். இரண்டாவதில் உங்கள் கை மாட்டியிருக்கக் கூடும்.

அடுத்து டிசிபி, அதாவது கருவியின் வேலை செய்யும் முனை. மேஜையில் ஒரு கூரான முனையை நிறுத்தி, அதே புள்ளியைக் கிரிப்பரின் நுனியால் வெவ்வேறு கோணங்களில் தொட்டுக் காட்ட வேண்டும். மூன்று கோணங்கள் போதும், நான்காவது சரிபார்ப்பதற்கு.

இனி புரோகிராம். கையைப் பிடித்து நகர்த்தி, போக வேண்டிய இடங்களைப் பதிவு செய்யலாம். ‘மூவ்எல்’ கொடுத்தால் நுனி நேர்கோட்டில் போகும். ‘மூவ்ஜே’ கொடுத்தால் மூட்டுகள் தங்களுக்கு வசதியாகத் திரும்ப, நுனி வளைந்து போகும். தொடக்கமும் முடிவும் சரியாக இருந்து, நடுவில் உள்ள மெஷின் கதவில் இடிப்பது இதனால்தான். முதல் ஓட்டத்தில் ஸ்பீடு ஸ்லைடரைக் குறைத்தே வையுங்கள்.

கோபாட் என்றாலே ஆபத்தில்லை என்று விற்பனையாளர்கள் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அதன் கையில் கத்தியைக் கொடுத்தால் எவ்வளவு மெதுவாக வந்தாலும் வெட்டும். 2016-ல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 ஆவணம், மனித உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு விசை படலாம் என்று பட்டியல் இட்டது. ரோபோவுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினால் கைக்கு 140 நியூட்டன், முகத்துக்கு 65 நியூட்டன்தான் வரம்பு. 140 நியூட்டன் என்பது சுமார் 14 கிலோ எடை அழுத்துவது போல. எனவே சோதிக்க வேண்டியது ரோபோவை மட்டும் அல்ல. கிரிப்பர், பிடித்திருக்கும் பொருள், பக்கத்து மேஜை எல்லாவற்றையும் சேர்த்து.

வேலிக்குள் இருக்கும் பெரிய ரோபோக்களின் கதை வேறு. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபோர்டு நிறுவனத்தின் பிளாட் ராக் ஆலையில் பொருள் அடுக்கில் ஏறிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி, ரோபோவின் கை தாக்கி இறந்தார். அங்கே ஓர் ஆள் இருப்பது அதற்குத் தெரியவில்லை. அதனால்தான் இன்று கதவைத் திறந்தாலே நிற்கும்படி ஒயரிங் செய்கிறோம். ஒளித்திரை வைத்தால் அதன் தூரத்தையும் கணக்கிட வேண்டும். மனிதர் விநாடிக்கு 1,600 மி.மீ. நடப்பதாகக் கொண்டால், ரோபோ முழுதாக நிற்க அரை விநாடி ஆகும்போது அவர் 800 மி.மீ. உள்ளே வந்துவிடுவார்.

உள்ளே நின்று கற்றுக்கொடுக்கும்போது வேகம் விநாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாது. பென்டன்டின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும். விட்டாலும் நிற்கும், இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். பயந்தவர்களில் சிலர் கையிலிருப்பதைப் போட்டுவிடுவார்கள், சிலர் இறுகப் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா? இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

இதையெல்லாம் பழகிப் பார்க்க ரோபோ வாங்க வேண்டியதில்லை. யுனிவர்சல் ரோபோட்ஸ் தரும் ‘யூஆர்சிம்’ என்ற இலவச சாப்ட்வேரை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால், டீச் பென்டன்ட் ஸ்கிரீன் அப்படியே உங்கள் மானிட்டரில் வரும். ஒரே இரு புள்ளிகளுக்கு இடையே மூவ்ஜே ஒரு முறை, மூவ்எல் ஒரு முறை கொடுத்து, நுனி போகும் பாதையைக் கவனியுங்கள்.