சலிப்பும் விழிப்பும்

மென்பொருள் எழுதுதல் நாள்தோறும் புதுமை காணும் தொழில் என வெளியிலுள்ளோர் எண்ணுவர். அத்தொழிலில் இருப்போரோ வேறு கூறுவர். ஒரே வகைப் படிவத்தை மீண்டும் மீண்டும் அமைத்தல், ஒரே பிழையைப் பல இடங்களில் திருத்துதல், ஒரே சோதனையை வாரந்தோறும் நடத்துதல் ஆகியவற்றில் பலருடைய பொழுது கழிகின்றது. இதனால் எழும் சலிப்பின் தீங்கு யாது, காரணம் யாது, நீக்கும் வழி யாது என ஆராய்வோம்.

தீங்கு: சலிப்பூட்டும் வேலையை அற்பமெனக் கருதலாகாது. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்றியபோது ஒன்று விடுபட்டது. மற்றொருவர் சரிபார்க்கவுமில்லை. ஆகஸ்ட் 1ஆம் நாள் சந்தை திறந்ததும், விடுபட்ட சர்வரிலிருந்த பழைய நிரல் தவறான ஆணைகளை அனுப்பலாயிற்று. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம் விளைந்தது.

காரணம்: இத்தகைய தவறு குணக்கேட்டால் மட்டும் நேர்வதன்று. கடிகாரம் போன்றதொரு கருவியின் முள் எப்போதேனும் இருமடங்கு தாவுவதைக் கண்டு கூறுமாறு நார்மன் மாக்வொர்த் என்னும் உளநூலார் பலரை இரண்டு மணி நேரம் அமர்த்திச் சோதித்தார். முதல் அரைமணிக்குப் பின் அவர்தம் கவனம் தளர்ந்ததை 1948இல் வெளியிட்டார். ஆகவே கவனம் தளர்வது மனித மனத்தின் இயல்பு.

நீக்கும் வழி இரண்டு. முதலாவது, இயந்திரம் செய்யத்தக்கதை இயந்திரத்திடமே ஒப்படைத்தல். பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பிழையைத் திருத்தியிருந்தும், நிரலை மீண்டும் தொகுக்காமையால், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதைக் கழித்தார். அதனைக் கண்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ‘மேக்’ என்னும் கருவியை இயற்றினார். எக்கோப்பு மாறியது, எதனை மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதை அக்கருவி தானே அறிந்து செய்யும்.

இரண்டாவது, ஒப்படைக்க இயலாததை விழிப்புடன் செய்தல். வேலையை அரைமணிக் கூறுகளாகப் பகுத்து, இடையே எழுந்து சற்று நடமின். செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதி, முடித்தவற்றை ஒவ்வொன்றாகக் குறியிடுமின். இறுதியில் மற்றொருவரைக் கொண்டு சரிபார்மின். சலிப்பு எழுந்தால், எழுந்தது என அறிந்து, மனத்தை மீண்டும் வேலையில் நிறுத்துமின். மூச்சை எண்ணிப் பழகியோர்க்கு இது புதிதன்று. எண்ணிக்கை ஒன்றேயாயினும் ஒவ்வொரு மூச்சும் வேறு.

பொறுமையென்று கூறி இயந்திரத்தின் சுமையை மனிதன் சுமத்தல் வேண்டா. சலிப்பென்று கூறி மனிதன் காக்கவேண்டியதைக் கைவிடுதலும் வேண்டா. நாம் எழுதும் நிரலை நம்பி, முகமறியா ஒருவர் தம் ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கக்கூடும். இதனை நினைந்து செய்யும் வேலை சிறிதாயினும் நல்வினையேயாம்.